மருதமுனையின் டிரம் மெஷின்

பதினோரு வருடமாக மாணவர்களுக்கு ஒரு பொய்யைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை. ஆனாலும் அதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன், பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்முனைக்குப் போனேன்.

நான் கிள்ளான்காரன். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் ஹிப்ஹாப் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை. உள்ளே பழைய கேசட்டுகள், ராப் வரிகள் கிறுக்கிய பள்ளிக்கூட நோட்டுகள், மேடை நிகழ்ச்சி விளம்பரங்கள், சுவரில் படம் அடித்துத் தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள், ஒரு ஜோடி கிழிந்த சப்பாத்து. ஆரம்பத்தில் மற்ற விரிவுரையாளர்கள் ‘குப்பைக் கூடம்’ என்றார்கள். இப்போது என் வகுப்பில் நாற்காலி கிடைக்காமல் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

முதல் வகுப்பில் நான் பேசமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பாட்டைப் போடுவேன். கிள்ளானில் இழுத்து மூடிய ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்த கேசட் பெட்டியில் கிடைத்த பாட்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஓர் இளைஞன் ராப் பாடுகிறான். பின்னால் ‘சடக் டக், சடக் டக்’ என்று ஒரு தாளம், கதவைத் தட்டுவதுபோல. பாட்டின் நடுவே அந்தத் தாளம் சட்டென்று நின்றுவிடும். பதினாறு தட்டு நேரம் எதுவுமே கேட்காது. பிறகு யாரோ ‘ம்’ என்பார்கள். மறுபடி தாளம் பிடித்துக்கொள்ளும். இருட்டில் பிள்ளைகள் மூச்சுவிடாமல் அந்தப் பதினாறு தட்டையும் கடப்பதைப் பார்க்கவே நான் ஒவ்வொரு வருடமும் காத்திருப்பேன்.

கிள்ளான் பெட்டியில் கிடைத்ததால் ‘கிள்ளான் இளைஞர்கள்’ என்று அட்டையில் எழுதினேன். புரியாத சொற்களுக்கு ‘பழைய தோட்டத்து வழக்கு’ என்று அடிக்குறிப்புப் போட்டேன். தாளம் எண்பதுகளில் வந்த ஜப்பானிய டிரம் மெஷினுடையது, அதாவது பொத்தானைத் தட்டினால் மேளம் அடிக்கும் பெட்டியுடையது என்று அடித்துச் சொன்னேன். பதினான்கு பக்கக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது. அதைப் படித்து ஒருவர் அழுததாகக்கூடச் சொன்னார்.

போன வருடம் பல்கலைக்கழகம் என் வகுப்புகளை இணையத்தில் ஏற்றியது. கொஞ்ச நாளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘சேர், நீங்க முதல் வகுப்பில போடுற பாட்டு என்ட. எழுதினதும் நான், படிச்சதும் நான். கிள்ளானில இல்ல, கல்முனைக்குப் பக்கத்தில. கோபிக்க வேணாம். அஸ்மி.’ அங்கே ‘படிச்சது’ என்றால் பாடியது. கூடவே ஓர் ஒலிப்பதிவு. அதே குரல், வயதில் கனத்துப்போய், அதே வரிகள். பாட்டைப் பறிகொடுத்தவரே ‘கோபிக்க வேணாம்’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் காப்பகத்தில் ஒரு விதி உண்டு. நானே எழுதிய விதி. ஒரு பாட்டைப் பாடியவர், வரி எழுதியவர், தாளம் செய்தவர் யாரென்று தெரிந்துவிட்டால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாட்டு பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் வகுப்பில் போட முடியாது. தாளம் யார் செய்தது என்று அஸ்மியைக் கேட்டேன். ‘வாங்க, காட்டுறன்’ என்று மட்டும் பதில் வந்தது. அந்த டிரம் மெஷினையும் கேட்டு வாங்கிவிடலாம் என்ற ஆசையில், கண்ணாடிப் பெட்டி செய்ய அளவு கொடுத்துவிட்டே கிளம்பினேன்.

அம்பாறையில் பஸ் மாற வேண்டும். மாறினேன், தப்பான பஸ்ஸுக்கு. பக்கத்தில் இருந்தவர் இறக்காமத்து விவசாயி, தொப்பி போட்டவர். நான் கல்முனை என்றதும் அவர் முகத்தில் இரக்கம் வந்தது. “இது அக்கரைப்பற்று பஸ் வாப்பா. ஒண்டும் யோசிக்காதீங்க. அங்க இறங்கி வடக்கால போற பஸ்ஸில ஏறினாச் சரி. கடல் ஓரத்தால ஒரே றோட்டுத்தான்.”

பஸ் தப்பியதோடு முடியவில்லை. வயல்களுக்கு நடுவே பஸ் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். விவசாயி மொழிபெயர்த்தார்: “துரை முதல்ல போகட்டுமாம்.” துரை என்றது ஒரு யானையை. அது றோட்டைக் கடக்க அவசரப்படவில்லை. பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் முணுமுணுத்தாள். “நேற்றும் இதே ஆள்தானாம், இதே நேரமாம்” என்றார் விவசாயி. எங்கள் ஊரில் மழை வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவர் யானைகளைப் பற்றிப் பேசினார். எந்த வயலில் எத்தனை முறை வந்தது, எந்த வேலியை மிதித்தது எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

அக்கரைப்பற்றில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை நண்பகல். கடைத்தெரு முழுக்கக் கதவடைத்திருந்தது. ஜும்ஆத் தொழுகை. பசியோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழுகை முடிந்ததும் அந்த விவசாயியே திரும்பி வந்து, சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். சோறு, மாட்டிறைச்சிக் கறி, பருப்பு, கடைசியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கிள்ளானில் நாங்கள் தயிர் என்று வாங்குவதை இவர்களுக்குக் காட்டக் கூடாது.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“றெப் படிக்கிறதுக்கு யூனிவசிட்டியில பாடமா?”

“ஆமாம்.”

“சோதினையும் இரிக்கா?”

“இருக்கு. தோல்வி அடைகிறவர்களும் இருக்கிறார்கள்.”

அவர் சோற்றைப் பிசைந்து முடித்தார். “அப்ப என்ட மகன் நாசமாப் போகல்ல” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி தயிர் போடச் சொன்னார்.

மறுநாள் காலை கல்முனைக் கடைத்தெருவில் அஸ்மியைப் பார்த்தேன். கைப்பேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும், தொப்பை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. என் வகுப்பில் இருபது வயதுக் குரலாகவே கேட்டுப் பழகியவரை இப்படிப் பார்க்க விசித்திரமாக இருந்தது. அவருக்கும் என்னைப் பார்த்து அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். “வீடியோவில கொஞ்சம் உயரமாத் தெரிஞ்சீங்க சேர்” என்றார்.

மத்தியானம் கல்முனைக்குடியில் அவர் வீட்டில் சாப்பாடு. கணவாய்க் கறி, பொரித்த மீன், இனிப்புக்கு வட்டிலப்பம். அதன் மேல் ஒரு முந்திரிப்பருப்புக்காக அஸ்மியும் நானும் மரியாதையாகச் சண்டை போட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் பாட்டின் கதையைச் சொன்னார்.

“ஒரே ஒரு கெசட்டில எடுத்தம். கொப்பி ஒண்டு அடிச்சு, கிள்ளானுக்கு வேலைக்குப் போன மச்சான்ட கையில குடுத்தன். சாப்பாட்டுக் கடை வேலை. மறுகா சுனாமி வந்திச்சு. எங்கட உம்மாட வீடு கடல் பக்கம். வீடும் போயிட்டு, கெசட்டும் போயிட்டு. மச்சானும் கடைய விட்டிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டார். அந்தப் பாட்டு மௌத்தாப் போச்செண்டுதான் நான் இருந்தன் சேர். இருபது வருசம் கழிச்சு போனத் திறந்தா நீங்க வகுப்பில போடுறீங்க.”

அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க பேரத்தான் புழையா எழுதினீங்க. ஆனாக் குப்பையில போடல்லியே.”

கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பூஞ்சை துடைத்த வருடங்கள் எல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தன. கண் கலங்கியதை மறைக்க டிரம் மெஷினைப் பற்றிக் கேட்டேன். அதுவும் தண்ணீரில் போய்விட்டதா?

அஸ்மி சிரித்தார். “அது புதுசு வந்திட்டு. ராத்தாட வீட்டில இரிக்கி, மருதமுனையில. நாளைக்கிப் போவம்.”

ராத்தா என்றால் மூத்த சகோதரி. உங்கள் பொருள் ஏன் அக்கா வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். “இங்க வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான் சேர். கலியாணம் முடிச்சா நாங்கதான் உடுப்பையும் கட்டிக்கிட்டுப் பொண்டாட்டிட வீட்ட வாற. இது என்ட வீடில்ல, அவட வீடு.” உள்ளேயிருந்து அவர் மனைவி, “ஓம், ஞாபகம் இருந்தாச் சரி” என்றார். எங்கள் ஊரில் மருமகள்தான் பெட்டியோடு வருவாள். இதை என் மனைவியிடம் போய்ச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் த்ரீவீல் ஆட்டோவில் மருதமுனைக்குப் போனோம். முதன்மை வீதியிலிருந்து கடல் பக்கம் ஒழுங்கை என்கிற ஒரு சந்துக்குள் திரும்பியதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. யாரோ என் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். சடக் டக், சடக் டக். நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இடது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இல்லை, வலது பக்கத்திலிருந்தும் வந்தது, கொஞ்சம் வேகமாக. எதிர் வீட்டிலிருந்தும் வந்தது, கொஞ்சம் சோம்பலாக. அந்த ஒழுங்கை முழுக்க என் முதல் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

அஸ்மி வண்டிக்குள் இருந்தபடி சொன்னார்: “தறி சேர். கைத்தறி. மருதமுனைச் சாரம் கேள்விப்பட்டிருப்பீங்களே.”

நான் சாரத்தைக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் அப்பா, மாமா எல்லோரும் கட்டுகிற கைலிதான். தறியின் சத்தத்தைத்தான் கேட்டதில்லை. கயிற்றை இழுத்தால் நாடா என்கிற, நூல் வைத்த மரக்கட்டை ‘சடக்’ என்று குறுக்கே ஓடுகிறது. பலகையை இழுத்து அடித்தால் ‘டக்’ என்று நூல் நெருங்கி உட்காருகிறது. ஜப்பானும் இல்லை, பொத்தானும் இல்லை. கண்ணாடிப் பெட்டியின் அளவு ஞாபகம் வந்தது. தறி ஒரு கட்டில் அகலம் இருக்கும்.

அஸ்மியின் ராத்தா பெயர் நயீமா. ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் போனபோது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நெய்துகொண்டிருந்தார். வரியைப் பாதியில் விடாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்து ஸலாம் சொன்னார். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. எங்கள் ஊர்த் தேநீரான தே தாரிக்கின் பாலும் நுரையும் இல்லாமல் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது.

“அண்டைக்குக் கரண்டில்ல” என்று அஸ்மி ஆரம்பித்தார். “றேடியோ கெசட்டுக்குப் பற்றரி போட்டு, ராத்தாட தறிக்குப் பக்கத்தில வச்சு எடுத்தன். மேளத்துக்கு நான் எங்க போற? இவ நெய்றதுக்குப் படிச்சன்.”

“நடுவில் தாளம் நிற்கிறதே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“நூல் அறுந்திச்சு” என்றார் நயீமா. “நிப்பாட்டிட்டு முடிச்சுப் போட்டன். இவன் வாயப் பொத்திக்கிட்டு நிண்டான். முடிஞ்சிட்டன் எண்டு சொல்றதுக்கு ‘ம்’ எண்டன். நீங்க என்னெண்டு சொல்லிக் குடுத்தீங்க?”

பதினான்கு பக்கம். அழுத வாசகர். நான் பிளேன்டீயைக் குடித்தேன். அஸ்மி என் கட்டுரையைப் படித்திருக்கிறார் என்பது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற விதத்திலேயே தெரிந்தது. தோள் குலுங்கியது.

“அண்டைக்கு நெய்த சாரம்?” என்று பேச்சை மாற்றினேன்.

“வித்தாச்சு. எந்த மனிசன்ட இடுப்பில கிழிஞ்சிச்சோ” என்றார் நயீமா.

படிவத்தை எடுத்தேன். பாடியவர், வரிகள் எழுதியவர் என்ற இடங்களில் அஸ்மி ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். மூன்றாவது இடம் ‘தாளம் செய்தவர்’. நயீமா அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார்.

“இது நானில்ல சேர்.”

“நீங்கள்தானே அடித்தீர்கள்?”

“நான் சாரத்துக்கு அடிச்சன். பாட்டுக்கு அடிக்கல்ல. அவன் பாட்டுக்கு அவன் படிச்சான். நான் என்ட பாட்டுக்கு நெய்தன். வேற ஒருத்தி நெய்த சாரத்த நான் நெய்ததெண்டு ஒரு நாளும் வித்ததில்ல. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டன்.”

விதியைச் சொன்னேன். கையெழுத்து இல்லாவிட்டால் பாட்டு அலமாரிக்குள் போய்விடும், இனி எந்தப் பிள்ளையும் கேட்க முடியாது என்றேன். அஸ்மி, “ராத்தா, ஒருக்காத் தண்ணியில போனது. மறுகாவும் போகணுமா?” என்று கெஞ்சினார். நயீமாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. “அதுக்காகப் பொய் எழுத ஏலாதே மனே” என்றார்.

அன்று கல்முனையில் என் அறைக்குத் திரும்பியதும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. விதியை வளைக்க ஆயிரம் வழி இருந்தது. ‘தாளம்: தெரியவில்லை’ என்று பழையபடி எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பதினோரு வருடம் தெரியாமல் பொய் சொன்னவன் இனித் தெரிந்தே சொல்வதா? அதுவும், ஒரு சாரத்தில்கூடப் பொய்ப் பெயர் போடாத அந்தப் பெண்மணியைப் பார்த்துவிட்டு வந்து? கிள்ளானுக்குத் தொலைபேசி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியை வேண்டாம் என்றேன். முதல் வகுப்புக்கு வேறு பாட்டுத் தேட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் காலை மறுபடி மருதமுனைக்குப் போனேன். கையெழுத்துக் கேட்கப் போகவில்லை. தறியின் சத்தத்தையாவது பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். “நெய்றத எடுங்க, அது பொய்யில்ல” என்றார் நயீமா. கடையைத் திறக்காமல் கூடவே வந்த அஸ்மி, சும்மா நிற்க முடியாமல், தானும் பாடுகிறேன் என்றார். “படி, எனக்கென்ன” என்று ராத்தா மிதிகட்டையில் கால் வைத்தார்.

கைப்பேசியைத் தறியின் ஓரத்தில் வைத்தேன். சடக் டக், சடக் டக். தறி புதியது, கை பழையது. நாலு சுற்று விட்டு அஸ்மி பிடித்தார்.

“கிழக்கால கடலு, மேற்கால வயலு,
நடுவால றோட்டு, நாங்கதான் காவலு!”

இரண்டாவது அடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. தொப்பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொட்டிலே அதிரப் பாடினார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர் வீட்டுத் தறியும் நின்றது. வேலிக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. நயீமா யாரையும் பார்க்கவில்லை. நாடா ஓடுவதையே பார்த்துக்கொண்டு அடித்தார்.

அந்த இடம் வந்தது. தறி நின்றது.

அஸ்மி கண்ணைத் திறந்தார். நான் குனிந்து தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலைப் பார்த்தேன். ஆயிரம் நூலும் விறைப்பாக, முழுசாக இருந்தன. ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. நயீமா கையைப் பலகையின் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. கொட்டிலில் ஈ பறப்பது கேட்டது. பதினாறு.

“ம்” என்றார் நயீமா.

சடக் டக். அஸ்மி பாய்ந்து பிடித்துக்கொண்டார். பாட்டை முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது. பாட்டு முடியும்வரை நெய்த துணி ஒரு சாண்கூட இல்லை.

“நூல் அறுந்திச்சா ராத்தா?” என்று அஸ்மி கேட்டார்.

“இல்லியே.”

“மறுகா என்னத்துக்கு நிப்பாட்டின?”

அறிவில்லாதவனைப் பார்ப்பதுபோல அவர் தம்பியைப் பார்த்தார். “பாட்டு அந்த இடத்தில நிக்கிறதானே.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவரே கேட்டார் என்று நினைக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலிக்கு மேலிருந்த தலைகளைப் பார்த்து, “என்ன பாக்கிறீங்க, போய் நெய்ங்க” என்று விரட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“சேர், அந்தப் படிவத்தத் தாங்க.”

‘தாளம் செய்தவர்’ என்பதை வெட்டிவிட்டு ‘தறி’ என்று மாற்றி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“என்னத்துக்கு?” என்றார் நயீமா. “எழுதியிருக்கிறது சரிதானே.” தறிப் பலகையின் மேலேயே படிவத்தை வைத்து, தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கையெழுத்திட்டார். நான் கைப்பேசியை நிறுத்த மறந்திருந்தேன். பேனா கீறும் சத்தமும் பதிவாகியிருக்கிறது. முதல் வகுப்பில் இனி அதையும் சேர்த்துத்தான் போடப்போகிறேன்.